ஊசி போட்ட பிறகு கணுக்காலும் பாதமும் வீங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஜூன் மாதம் அப்பா கோவிட் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்று இரவு காய்ச்சல் அடித்தது, மறுநாள் தணிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டால்கூடத் துடித்தார். தெருவில் எல்லோரும் ஒரே குரலில் "ஊசிதான்" என்றார்கள். அது பாதி உண்மை என்று எங்களுக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படிப்பதும் மூட்டுநோய் மருத்துவர்களிடம் கேட்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

ஊசி போட்டது கையில். கால் எப்படி வீங்கும்?

தடுப்பூசி, உடலின் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல சில வேதிப்பொருள்களைச் சுரக்கும். அவை கையோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் அதனால்தான். மூட்டின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அந்தச் செய்தி அதற்கும் எட்டும்போது மூட்டு வலிக்கும்.

ஆனால் வலி வேறு, அழற்சி வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மேலே ஒரு அடிகூட நகர முடியாது. வீக்கமோ சூடோ இல்லாமல், அசைத்தால் மட்டும் வலிப்பது மூட்டுவலி. மூட்டு பருத்து, தொட்டால் சுட்டு, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால் அது அழற்சி. நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட அதே வகை ஊசியின் பரிசோதனைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர் மூட்டுவலி இருந்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடுகிற வலி அது. மூட்டு உண்மையாகவே வீங்குவது அபூர்வம். அதனால்தான் வீங்கினால் "ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

எத்தனை நாளுக்குள் வந்தால் ஊசியின் வேலை என்று சொல்லலாம்?

ஊசியைப் பொறுத்தது. பொதுவான உடம்புவலியும் மூட்டுவலியும் முதல் இரண்டு மூன்று நாளில் வந்து போகும். கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வாதம்) கிளம்புவதாக இருந்தால் அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி போன்ற, உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் கொண்ட ஊசி என்றால் கணக்கு வேறு. அந்த வைரஸ் உடலுக்குள் கொஞ்சம் பெருக வேண்டும் என்பதால் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தே மூட்டு வலிக்கத் தொடங்கும். ஆறு மாதம் கழித்துக் கணுக்கால் வீங்கினால் ஊசியோடு முடிச்சுப்போடுவது கடினம்.

எந்தத் தடுப்பூசிக்கு மூட்டு அழற்சியோடு உறுதியான தொடர்பு உண்டு?

ரூபெல்லா ஊசிக்கு. இதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை, மருத்துவப் பாடநூல்களிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 1991இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, ரூபெல்லா ஊசிக்கும் வயதுவந்த பெண்களுக்கு வரும் மூட்டு அழற்சிக்கும் தொடர்பு இருப்பதைச் சான்றுகள் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். முன்பே நோய் எதிர்ப்பு இல்லாத வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு 25 பேர் வரை மூட்டுவலியும், ஏறக்குறைய 10 பேர் அழற்சி போன்ற வீக்கமும் சொல்கிறார்கள். விரல்கள், மணிக்கட்டு, முழங்காலில்தான் அதிகம். கணுக்காலும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நாளிலிருந்து மூன்று வாரம் வரை இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும். சிறு குழந்தைகளுக்கு இது அரிது.

இதே மூட்டுத் தொல்லை ரூபெல்லா நோயே வந்தால் இன்னும் அதிகம். வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு 70 பேர் வரை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த நோய் வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படும். அதற்காகத்தான் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியது. இன்று இந்த மூட்டுத் தொல்லையைச் சந்திக்க வாய்ப்புள்ளவர்கள், பெரியவர்களான பிறகு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த) ஊசி போட்டுக்கொள்ளும் நர்சிங் மாணவிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களும்தான். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார்கள். அதோடு "இரண்டு வாரம் கழித்து மூட்டு வலிக்கலாம், பயப்படாதீர்கள்" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேர் தூக்கத்தைத் தொலைக்காமல் இருப்பார்கள்.

பெருவிரல் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது. இது என்ன?

அப்பாவுக்கு வந்தது இதுதான். முதலில் சந்தேகப்பட வேண்டியது கௌட், நம் பேச்சில் யூரிக் ஆசிட் வாதம்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகும்போது அது ஊசி முனை போன்ற நுண்ணிய படிகங்களாக மூட்டுக்குள் படிகிறது. நெஞ்சையும் வயிற்றையும்விடக் கால் விரல்கள் குளிர்ச்சியானவை. குளிர்ந்த இடத்தில் யூரிக் அமிலம் எளிதாகப் படியும் என்பதால்தான் பெருவிரலின் அடிமூட்டை அது தேடிப் பிடிக்கிறது. அதற்கடுத்து நடுப்பாதமும் கணுக்காலும். இந்தப் படிகங்கள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கலாம். ஏதாவது ஒன்று எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிட்டால் அது படிகங்கள் மேல் பாயும். ஒரு காய்ச்சல் போதும், ஓர் அறுவைச் சிகிச்சை போதும், கறி விருந்தும் பீரும் போதும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தாலும் போதும். தடுப்பூசியும் அந்த வரிசையில் ஒன்று.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கௌட் உள்ள 517 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊசி போட்டு இரண்டு நாளுக்குள் கௌட் கிளம்பும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அக்கிக்குப் போடும் ஷிங்ரிக்ஸ் ஊசியின் பரிசோதனைகளிலும் இப்படி ஒரு வேறுபாடு தெரிந்தது: ஊசிக்குப் பிந்தைய 30 நாளில் நிஜ ஊசி போட்டவர்களில் 27 பேருக்கும் வெற்று ஊசி போட்டவர்களில் 8 பேருக்கும் கௌட். இரண்டு பக்கமும் பல ஆயிரம் பேர் இருந்ததால், ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. எண்ணிக்கை சின்னது, ஆனால் தொடர்பு இல்லை என்று தள்ளிவிட முடியாது.

அப்பாவிடம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா?" என்பது. யோசித்துவிட்டு, இரண்டு தடவை வந்திருக்கிறது, செருப்பு கடித்தது என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றார். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். ஆக ஊசி தீப்பெட்டியை உரசியது உண்மை. விறகு ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதாக ரிசல்ட் வரலாம். அதை வைத்துக் கௌட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் முதல் ரிசல்ட் சரியாகத்தான் வந்தது. நாங்கள் மூன்று வாரத்தைத் தொலைத்தது அங்கேதான்.

ஆணி குத்தியதற்கு டி.டி. ஊசி போட்டேன். நான்கு நாள் கழித்துப் பாதம் வீங்கிவிட்டது. ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இது. தயவுசெய்து ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

டெட்டனஸ் ஊசிக்கு (அரசு நிலையங்களில் இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே போடுகிறார்கள்) கை வலிக்கும், போட்ட இடம் கல்லுபோல் இறுகும், லேசாகக் காய்ச்சல் வரும். ஆணி குத்திய அதே பாதம் வீங்கினால் பெரும்பாலும் காரணம் ஆணிதான். டெட்டனஸ் ஊசி ஒரே ஒரு கிருமியின் நஞ்சைத்தான் தடுக்கும். புண்ணுக்குள் போன மற்றக் கிருமிகளை அது ஒன்றும் செய்யாது. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவைத் துளைத்து ஆணி ஏறினால், அந்த ஈரமான ரப்பரில் வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்பு வரைக்கும் போய்விடும். வெளிக்காயம் ஆறிவிட்டதுபோல் தெரிந்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து உள்ளே வலி கிளம்பும். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் உள்ளே சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் காலையே இழக்கும் நிலைக்குப் போகக் கூடாது.

குழந்தைக்கு ஊசி போட்டதிலிருந்து கால் ஊன்ற மாட்டேன் என்கிறது.

ஒன்றரை வயது ஊசி பெரும்பாலும் தொடையில் போடுவது. வலிப்பது தொடைத் தசை. குழந்தைக்கு இடம் காட்டிச் சொல்லத் தெரியாது, நொண்டும், அவ்வளவுதான். ஓரிரு நாளில் சரியாகிவிடும். கணுக்காலைத் தனியாகப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அதற்கு அழவில்லை என்றால் மூட்டில் பிரச்சினை இல்லை என்று ஓரளவு ஆறுதல் அடையலாம்.

மூன்று நாள் கழிந்தும் கால் ஊன்றாவிட்டால், காய்ச்சல் ஏறினால், ஒரு மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கினால் அன்றே காட்டுங்கள். அதேபோல இரண்டு கணுக்காலும் வீங்கி, காலிலும் பிட்டத்திலும் தடவினால் மேடாகத் தெரியும் சிவப்பு ஊதாப் புள்ளிகள் வந்து, வயிறும் வலித்தால், அது ரத்தக் குழாய்களில் வரும் ஒரு வகை அழற்சி. சளிக் காய்ச்சலுக்குப் பிறகுதான் அதிகம் வரும். சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

குதிகாலில்தான் வலி. விரல் ஒன்று சாசேஜ் மாதிரி பருத்திருக்கிறது.

குதிகால் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி, ஒரு விரல் முழுசாகப் பருப்பது, கண் சிவப்பு, சிறுநீர் போகும்போது எரிச்சல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் எதிர்வினை மூட்டழற்சியாக இருக்கலாம். இது பெரும்பாலும் வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கோ, பாலுறவில் தொற்றும் கிளமிடியாவுக்கோ பின் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் வரும். முழங்கால், கணுக்கால், பாதம்தான் அதன் இடங்கள். தடுப்பூசிக்குப் பின் வந்ததாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் மருத்துவர் கடந்த மாதம் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டால், ஊசியைப் பற்றிச் சொல்ல வந்த அவசரத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஊசி போட்டேன். இப்போது காய்ச்சலும் கணுக்கால் வீக்கமும். எப்படிப் பிரிப்பது?

அக்டோபர், நவம்பரில் நம் ஊரில் இது சிக்கல்தான். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டபோது மாடிப்படி ஏற முடியாமல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சிக்குன்குனியா இரண்டு பக்க மூட்டுகளையும் பிடிக்கும், கடுமையான காய்ச்சலோடு வரும், வீட்டிலோ தெருவிலோ வேறு சிலருக்கும் இருக்கும்.

டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். மருந்துக்கடையில் "மூட்டுவலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குவதும், வலிக்கு டைக்ளோ ஊசி போட்டுக்கொள்வதும் இந்த மாதங்களில் ஆபத்தான பழக்கம். பாராசிட்டமால் போதும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரே மூட்டு சூடாகச் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் இருந்து, கால் ஊன்ற முடியவில்லை என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஓரிரு நாள் தாமதத்தில் மூட்டு அரித்துவிடும். கணுக்காலோடு கெண்டைக்காலும் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக, அதாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள். கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் 4 முதல் 30 நாளுக்குள் மிக அபூர்வமாக ரத்தக்கட்டு வந்தது 2021இல் உலகம் முழுக்கப் பதிவானது. வலியைவிட மரத்துப்போதலும் பலவீனமும் அதிகமாக இருந்து, பாதத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் அது மூட்டுப் பிரச்சினை இல்லை, நரம்புப் பிரச்சினை. அதற்கும் அதே அவசரம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று. பாதம் சூடாக வீங்கியிருக்கிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடக்காமல் காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை என்றால் காலை உயர்த்தி வைத்து ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் 15 நிமிடம், தேவைக்குப் பாராசிட்டமால். சூடான, சிவந்த மூட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. பாட்டி கை ராசியானது என்றாலும், சீழ் பிடித்த மூட்டை உருவினால் கேடுதான்.

வலி வரும் முன்பே, ஊசிக்கு முன்னால் மாத்திரை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 2009இல் செக் நாட்டில் 459 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளின் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தது. காய்ச்சலோ வலியோ வந்த பிறகு கொடுப்பதில் தவறில்லை.

தடுப்பூசியால் நிரந்தரமாக முடக்குவாதம் வந்துவிடுமா?

ஸ்வீடனில் முடக்குவாதம் (பல மூட்டுகள் நாட்பட்டு வீங்கும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்த ஏறத்தாழ 2000 பேரையும், வராத 2000க்கு மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை.

பயம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சாட்சி. உண்ணி கடியால் வரும் லைம் நோய்க்கு லைம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 1998 டிசம்பரில் வந்தது. லைம் நோயே மூட்டை வீங்க வைக்கும் நோய். ஊசிக்குப் பின் மூட்டு வீங்குகிறது என்று புகார்கள் வந்தன, வழக்குகளும் வந்தன. ஊசி போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக மூட்டு அழற்சி வந்ததாகத் தரவுகள் காட்டவில்லை. ஆனாலும் மக்கள் போட்டுக்கொள்வதை நிறுத்தினார்கள், 2002இல் ஊசி சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த மக்களின் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. மூட்டு உண்மையிலேயே வீங்கியது. காரணம் வேறு இடத்தில் இருந்திருக்கலாம், அதைத் தேட யாருக்கும் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

எனக்கு ஏற்கெனவே முடக்குவாதம் இருக்கிறது. ஊசி போடலாமா?

போட வேண்டும். உங்களுக்குத்தான் தொற்றுகள் கடுமையாக வரும். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசிகளை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, நோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள்.

"ஊசியால் வந்தது" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எங்கே பதிவு செய்வது?

நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஊசிக்குப் பின் நடந்த எந்தப் பாதகமான நிகழ்வையும், ஊசிதான் காரணமா என்று தெரியாமலே தெரிவிக்கலாம். காரணத்தைத் தீர்மானிப்பது அதற்கென இருக்கும் குழுவின் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியரிடம், அல்லது ஊசி போட்ட மருத்துவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய அரசுத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. ஊசியின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, வீக்கம் தொடங்கிய தேதி நான்கையும் குறித்து வையுங்கள். வீங்கிய காலைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்துபோயிருக்கலாம்.

அடுத்த தவணை போடலாமா?

கணுக்கால் வலித்தது, இரண்டு நாளில் போனது என்றால் தயங்காமல் போடலாம். மூட்டு வீங்கியது என்றால் காரணம் தெரிந்த பிறகு, மருத்துவரோடு பேசிப் போடுங்கள். அப்பா பயந்துபோய் இரண்டாம் தவணையை டிசம்பர் வரை தள்ளினார். அதற்குள் நீர் பிரியும் மாத்திரையை மருத்துவர் மாற்றியிருந்தார், யூரிக் அமிலத்துக்கு மாத்திரையும் தொடங்கியிருந்தார். ஊசி போட்ட அன்று அந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், விரல் வலிக்கத் தொடங்கினால் உடனே போட ஒரு மாத்திரையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா இரண்டு இரவும் விளக்கைப் போட்டு அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் வலித்தது.